கட்டிலுக்கு மேலே ஒட்டிய தாள்

என் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே நன்றாக இருக்கும். அந்தத் தாளைக் கம்ப்யூட்டரில் அடிக்காமல் ஏன் கையால் எழுதினீர்கள் என்று விசாரணையில் கேட்டீர்களே, முதலில் அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஒரே ஆளுக்குப் பக்கவாதம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டால், நர்ஸ், உடற்பயிற்சி கொடுப்பவர், குளிப்பாட்டுகிறவர், டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் டிரைவர் என்று வீட்டுக்கு ஆறேழு பேர் வந்துபோவார்கள். ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு பேச்சு. ஒருத்தர் கொடுக்கச் சொன்னதை இன்னொருத்தர் நிறுத்துவார். இவர்களை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் ஒருங்கிணைப்பாளர் வேலை. பதினான்கு வருஷமாகச் செய்கிறேன். நான் பார்க்கும் வீடுகளில் கட்டிலுக்கு மேலே ஒரே ஒரு தாள் ஒட்டியிருக்கும். இவருக்கு என்ன பிடிக்கும், எங்கே தொட்டால் வலிக்கும், இவர் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அதில் இருக்கும். அதைப் படித்த பிறகுதான் யாரும் நோயாளியைத் தொடலாம். அந்த விதி என்னுடையது.

இனி அந்தத் தாளுக்குக் கீழே கட்டிலில் கிடப்பவரைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு விடுதியில் வார்டன். பேச்சு வராத பெண்கள் தங்கிய விடுதி. என் தங்கை அங்கே இருந்தாள். இருபத்திரண்டு வயது. பேச்சுதான் வராது, கையாலேயே ஊரைக் கேலி செய்வாள். நான் நடப்பது போல அவள் நடந்து காட்டினால் எனக்கே சிரிப்பு வரும். மூன்று நாள் அவள் வார்டனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றைக் காட்டியிருக்கிறாள். அவர் பதிவேட்டில் எழுதினார்: ‘பிடிவாதம். கண்டுகொள்ள வேண்டாம்.’ நான்காம் நாள் குடல்வால் வெடித்து இறந்துபோனாள். நான் போய்க் கேட்டபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாயத் திறந்து சொல்லாத பொண்ணுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?” என்றார்.

போன வருஷம் அவருடைய கோப்பு என் மேஜைக்கு வந்தது. மனைவி இல்லை, மகள் தூரத்தில் இருக்கிறாள், பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. தெரிந்தவர் என்றால் வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். நான் ஒப்படைக்கவில்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவரை ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். “அக்கா, ஆளு ரொம்பத் தெளிவா இருக்காரு. கண்ண மூடினா ஆமா. மேல பார்த்தா இல்ல. அவ்வளவுதான், தாள்ல எழுதிடுங்க.” மறுவாரமே அவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

நான் எழுதினேன்: ‘மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை.’ கீழே இன்னொரு வரி: ‘காரணமில்லாமல் அழுவார். பக்கவாதத்தில் இது சகஜம். கண் சொல்வதை மட்டும் கவனிக்கவும்.’

ஒரு மருந்தைக்கூட நான் மாற்றவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தங்கமானவர்கள். “தண்ணி சுடுதாய்யா?” என்று கேட்பார் குளிப்பாட்டுகிறவர். வார்டன் கண்ணை இறுக மூடுவார். “சுடலியாம்,” என்று கேட்டவரே இன்னொரு செம்பு ஊற்றுவார். “வலிக்குதாப்பா?” என்று நர்ஸ் கேட்பாள். மூடுவார். மாத்திரை டப்பா திறக்காமலே திரும்பிப் போகும். முன்பு போல ஆளுக்கொரு நோட்டு இருந்திருந்தால் யாராவது ஒருத்தருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஆனால் கெட்டிக்காரர். நாலு மாதத்தில் பிடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் தலைகீழாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். வலித்தால் மேலே பார்த்தார், மாத்திரை கிடைத்தது. முகத்தில் தெளிவு வந்தது. அதைப் பார்த்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள் வருவதாகச் சொன்னாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகும் எண்ணம். அவள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் வெள்ளிக்கிழமையே தாளை மாற்றிவிட்டேன். மறுபடி சோதித்தோம், மாறியிருக்கிறது என்று எல்லாருக்கும் சொன்னேன். இந்த முறை பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னதை அப்படியே எழுதினேன்: ‘கண்ணை மூடினால் ஆமாம். மேலே பார்த்தால் இல்லை.’

மகள் தாளைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, என் வீட்டுக்கு வந்துடறீங்களா?” அவர் ஆசையாக மேலே பார்த்தார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி மேலே பார்த்தார், கூரையைத் துளைத்துவிடுவது போல. மூன்றாவது தடவையும் அப்படியே.

“என் மேல கோபம் இன்னும் போகல போல,” என்று அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று மாலையே கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தங்கையின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. அதன்பின் அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை. கூரைக்கும் கீழே கட்டில் விளிம்புக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

டிரைவரின் போனில் என் கையெழுத்தோடு பழைய தாளின் படம் இருந்ததால் உங்களிடம் அகப்பட்டேன். போகட்டும். இப்போது சுவரில் இருக்கும் தாளில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நீங்களே அதைப் படித்துவிட்டு மகளிடம் போக விருப்பமா என்று நேற்று அவரைக் கேட்டீர்களாம், கண் அசையவில்லையாம். நானும் அவரைப் போலத்தான் என்கிறீர்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அவர் என் தங்கையை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரைக் கேட்க நான் வாரத்துக்கு ஆறு பேரை அனுப்பினேன். அதற்கு மேல், வாயைத் திறந்து சொல்லாதவருக்கு நான் என்ன செய்ய முடியும்?