வரைஞ்சபடிதான் கட்டினாங்களா?

— உக்காரேன்டி ஸ்கேலு! நீ நடக்கற நடையில இந்த ஆபீஸ் தரையே தேஞ்சுடும்.

— முடியல அண்ணா. நீ மறுபடி கேள்வி கேளு.

— ராத்திரி பூரா தளம் போட்டுட்டு, சிமென்ட் செருப்போட நேரா உனக்காக ஓடி வந்திருக்கேன். வீட்டுக்குக்கூடப் போகல. போன் வேற சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. கொஞ்சம் மூச்சு விட விடு தாயே.

— கேளுன்னா கேளு.

— சரி, சரி. நான்தான் உள்ள உக்காந்திருக்கற பெரிய ஆர்க்கிடெக்ட். தொண்டையைக் கனைச்சாச்சு. ஏம்மா, உனக்கு வீடு வரையத் தெரியுமா?

— விளையாடாதே. அதை அஞ்சு வருஷம் காலேஜ்லயே பார்த்துட்டாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் எங்க ஆர்க்கிடெக்ட் சார் ஆபீஸ்ல குப்பை கொட்டினேன். எழுத்துப் பரீட்சையும் முடிஞ்சுது. இன்னிக்கு நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தை வச்சுக் குடையப் போறாங்க. இதுல தேறினாத்தான் லைசென்ஸ்.

— என் கட்டடம்! நாலு மாடி, சும்மா கிண்ணுனு நிக்குது. அதை வச்சு நீ தேறலேன்னா வேற எவ தேறுவா? அப்புறம் பாரு, என் பிளானுக்கெல்லாம் நீயே கையெழுத்து. உங்க சார் மூஞ்சியில இனிமே நான் எதுக்கு முழிக்கணும்?

— அடுத்த கேள்வி.

— அந்தப் பேனாவை டிக் டிக்குனு அமுக்காதே, எரிச்சலா வருது. அடுத்தது... ம்... சிமென்ட் என்ன விலை விக்குது?

— அண்ணா. "நீ வரைஞ்சபடிதான் கட்டினாங்களா?" அதைக் கேளு.

— அதெல்லாம் எதுக்குக் கேக்கப்போறாங்க?

— எல்லார்கிட்டயும் கேப்பாங்க. கேளு.

— அப்படியேதான் கட்டினாங்களாம்மா?

— இல்ல சார். கீழ கார் நிறுத்தற இடத்துல, நடு பில்லர்ல பாதி காணோம்.

— எவன்டி சொன்னான்?

— எவனும் சொல்லல. இன்டர்வியூவுக்குப் போட்டோ எடுக்க நேத்து சாயங்காலம் போனேன். என் பில்லரை எனக்குத் தெரியாதா? புதுப் பூச்சு, புது பெயின்ட்.

— அட, அதுவா! ரெண்டாவது மாடிக்காரர் பெரிய வண்டி வாங்கிட்டார். திரும்ப மாட்டேங்குது, திரும்ப மாட்டேங்குதுன்னு ஒரே நச்சு. லேசா ஒரு ஓரம் செதுக்கிவிட்டேன். விடு, விடு.

— லேசாவா? சாவியால சுரண்டிப் பார்த்தேன். கம்பியையும் அறுத்திருக்கே. முதல் மாடியில வாசக் கதவு சாத்த மாட்டேங்குது. ஆசாரி வந்து இழைச்சுட்டுப் போனாராம். மறுபடி முட்டுது.

— மழைக்கு மரம் ஊதியிருக்கும்.

— மரம் ஊதினா சுவர் ஏன் அண்ணா விரிசல் விடணும்?

— மெதுவாப் பேசு, அந்த ஆபீஸ் ஆளு பார்க்கறார். இதோ பாரு, ஆபத்துன்னா என் பொண்டாட்டி பிள்ளைங்களை அதே கட்டடத்துல மூணாவது மாடியில குடி வச்சிருப்பேனா? எனக்கென்ன கிறுக்கா?

— உனக்கு நிஜமாவே தெரியல. ராத்திரி பூரா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது இன்னும் நிக்கறதே பெரிசு.

— ஆமா, ஒண்ணும் தெரியாமத்தான் இத்தனை வருஷமாக் கட்டறேன்! உள்ள போய், "வரைஞ்சபடிதான் சார்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. வாய் வலிக்குமா? அடுத்த வாரமே முட்டு கொடுத்து, புதுக் கம்பி கட்டி, நானே சரி பண்ணிடறேன். உன்மேல சத்தியம்.

— அடுத்த வாரம் வரைக்கும் தாங்கும்னு யார் சொன்னது?

— நான் சொல்றேன்டி! அப்பா போனப்புறம் யாரு உன்னைப் பார்த்துக்கிட்டது? இதுக்காடி உன்னைப் படிக்க வச்சேன்?

— இதுக்குத்தானே அண்ணா படிக்க வச்சே.

— ஏம்மா, அடுத்தது நீங்க. உள்ள கூப்பிடறாங்க, வாங்க.

— ஒரே நிமிஷம் சார், இதோ வந்துடுவா. ஸ்கேலு, என்னைப் பாரு. உள்ள உளறினேன்னா என் பிழைப்புல மண்ணு. உனக்கும் லைசென்ஸ் தருவாங்களோ மாட்டாங்களோ.

— தெரியும்.

— தெரிஞ்சும் ஏன்டி இந்த அடம்? இன்னிக்குத் தேதிக்கு நீ ஒண்ணும் ஆர்க்கிடெக்ட் இல்ல. லைசென்ஸ் வராம அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டாலே குத்தம்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவ நீ. நீ சொன்னா எவன் கேப்பான்?

— கேட்டுட்டாங்க.

— யாரு?

— அண்ணியும் பிள்ளைங்களும் எதிர்வீட்டு வாசல்ல உக்காந்திருக்காங்க, அண்ணா. நாலு மாடியும் காலி. விடிஞ்சதும் போய் ஒவ்வொரு கதவாத் தட்டினேன். "எங்களைக் கிளப்ப நீ யாரு"ன்னு சண்டைக்கு வந்தாங்க. ஆர்க்கிடெக்ட்னு சொன்னேன்.