வாயில வராத பேரு

உக்காரு தங்கச்சி, இன்னும் கூப்பிடல. நீயும் டிரேட்மார்க் விஷயமாத்தானே வந்திருக்க? வேற எதுக்கு இந்த மாடி ஏறுவாங்க. என் கதையக் கேட்டா சிரிப்ப. சிரி, பரவால்ல. பிஷ்கெக் ஊரே சிரிச்சாச்சு.

நான் குருத் போடறவ. தயிரை வடிகட்டி, உப்புப் போட்டு, உருட்டிக் காய வைக்கிற வேலை. பதினாறு வருஷமா இதான் பொழப்பு. சந்தையில மொதல்ல வித்தது எங்க மாமனார். நல்ல மனுஷன், போய்ச் சேந்து நாலு வருஷமாச்சு. இன்னும் ஜனங்க அவர் பேரச் சொல்லித்தான் வாங்குது. என்ன பேரா? அங்கதானே வம்பு! மாமனார் பேர மருமக சொல்லலாமா? கல்யாணமான புதுசுல மொத எழுத்தச் சொன்னதுக்கே, வாய் கோணிக்கும்டின்னு மாமியார் கரண்டிய வீசினா. இந்தா பாரு, நெத்தியில தழும்பு.

அப்புறம் கம்பெனி ஆரம்பிச்சேன். பாரத்துல, பதியவேண்டிய பேருன்னு ஒரு கட்டம். பேனாவப் புடிச்சா கை நகரல, வேர்த்து ஊத்துது. கடைசில வீட்ல அவரச் சொல்ற மாதிரியே பெரியவர்னு எழுதிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு முத்திரை குத்தி வந்துச்சு, பெரியவர் குருத்துன்னு. பல்லு போனவங்களுக்குத் தனியாப் போட்டதான்னு சந்தையில கேக்கறான்!

சரி, நெஜப் பேரையே பதிவோம்னு ஓடி வந்தா, அதுக்கு வேற ஒருத்தி மனு போட்டுட்டா. ஆட்சேபணை குடுத்தேன். போன விசாரணையில அதிகாரி மைக்கை என் பக்கம் தள்ளி, எந்தப் பேருக்கு உரிமை கேக்கறீங்கன்னார். அந்தப் பேருக்குன்னேன். எந்தப் பேருங்கறார். அவரோட பேருங்கறேன். எவரோடங்கறார். சொந்தக் கம்பெனி பேரே தெரியாத பொம்பளைன்னு எழுதி வெச்சிருப்பார். இன்னைக்கு ரெண்டு பேரும் நேர்ல வந்து அவங்கவங்க வாயால சொல்லணும். சொல்லாதவங்க மனு தள்ளுபடியாம்.

உனக்கு ஏன் வேர்க்குது? இந்தா, தண்ணி குடி.

எம் புருஷனா இருந்தான் பாரு, எர்மெக், அவனுக்கு அரசாங்க உத்தியோகம். அவன் பேர்ல யாவாரம் பண்ண முடியாது. அதான் மனுவ உன் பேர்ல போட்டிருக்கான். நீ ஐபிகேதானே? போட்டோவுல பாத்திருக்கேன், நேர்ல இன்னும் லட்சணமா இருக்க. உன் மேல கோவம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் அழுதேன். உள்ள மாமியாரும் சாட்சிக்கு வந்து உக்காந்திருக்கா. இப்ப அந்த வீட்டு மருமக நீதான். அவ எதிர்ல சொல்லிடுவியா? கரண்டி கொண்டாந்திருக்காளான்னு தெரியல.

எனக்குப் போன வாரம்தான் விவாகரத்துத் தாள் கைக்கு வந்துச்சு. காலையில கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். அழுகை வந்துச்சு, வாய் ஒண்ணும் கோணிக்கல. ஓமுர்பெக். ஓமுர்பெக் குருத். எழுந்திரு தங்கச்சி, கூப்பிடறாங்க.