முந்தல் மருதாயி அம்மாள் பார்த்த ஒரே முடிவுக்கோடு

மலைச்சாலை மோட்டார்ப் பந்தயக் கழகத்தின் தலைவரும், மேட்டில் ஏலத்தோட்டமும், கீழே ஏல மண்டியும், நடுவிலுள்ள வளைவுகள் அனைத்தையும் தம் சொந்தச் சொத்தாகவும் வைத்திருக்கும் ஐயா ஜக்கையன் அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே! முந்தலிலிருந்தும் குரங்கணியிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, முன்வரிசை முழுவதையும் பிடித்துவிட்ட தாய்மார்களே! மேடைக்குப் பின்னால் நின்று, கூட்டம் முடியுமுன்னே கலர் சோடாவை முடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர் பெருமக்களே! போடி நகரத்துப் பொதுமக்களே! உங்கள் அனைவருக்கும் அடியேனின் அன்பு வணக்கம்.

மறைந்த ஒருவரை நினைக்கக் கூடியிருக்கிறோம். யார் அவர்? பந்தயத்தில் ஓடியவரா? இல்லை. பரிசைத் தந்தவரா? இல்லை. பட்டம் பெற்றவரா, பதவி வகித்தவரா, தம் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவரா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! முந்தலிலே, மலைச்சாலை தொடங்கும் முதல் மரத்தடியிலே, பணியாரம் சுட்டு விற்றவர். பெயர் மருதாயி. ஆனால் நம் பந்தயத்துக்கு அவரைப் போல ஒரு ரசிகர் அதற்கு முன்னும் இருந்ததில்லை, இனிமேலும் கிடைக்கப் போவதில்லை.

அழுவதற்கு மட்டும் இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. ஒரு வழக்கும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தயம். நம் தங்கபாண்டியன், அதோ, தூணுக்குப் பின்னால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறானே அவன்தான், இந்த வருடம் ஓட்டமாட்டேன், இனி என்றைக்குமே ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கேட்டால், "ஆத்தா இல்லாத மலையில நான் ஆருக்குண்ணே ஓட்டுறது?" என்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மறையாதே தம்பி, தூண் சின்னது!

மருதாயி அம்மாளின் பெருமையைச் சொல்லுமுன் ஒரு சிறுமையையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் என்றால் உயிரை விடும் அந்த அம்மாளுக்கு, மோட்டாரில் ஏறினால் ஆகாது! வண்டிக்கு வெளியே நின்றால் வீராங்கனை. வண்டிக்குள்ளே உட்கார்ந்தால் வாந்தி. ஒருமுறை தேவாரத்துக்குக் கல்யாணத்துக்குப் போக பஸ்சில் ஏறினார். பஸ்சு கிளம்பவில்லை, ஐயா. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், அவ்வளவுதான்! இறங்கி, தேவாரத்துக்கு நடந்தே போனார்.

இப்படிப்பட்டவர் நம் பந்தயத்துக்கு என்ன செய்தார்? பந்தய நாளன்று விடியும்போதே கடையைச் சாத்திவிட்டு, வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார். அதில் எஸ்டேட்டு முதலாளியின் புத்தம்புதுக் கார், தங்கபாண்டியன் பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பு என்ற பேதமே கிடையாது. "எல்லாப் பயலும் செயிக்கணும்" என்று வாழ்த்துவார். எல்லாரும் எப்படி ஆத்தா செயிக்க முடியும் என்று கேட்டால், "அது உங்க சோலி, என் சோலி வாழ்த்துறது" என்பார். கொடி அசைந்ததும் அவர் எழுப்பும் குலவைச் சத்தம் இருக்கிறதே, நான் மலை உச்சியில், போடிமெட்டு முடிவுக்கோட்டில், வென்றவன் பெயரைக் கூவும் தகரக் குழலோடு நிற்பவன், அங்கே எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். எனக்குக் கேட்டது.

ஆனால் பாருங்கள், புறப்பாட்டைப் பார்த்த அந்தக் கண்கள், ஒரு வருடமும் முடிவைப் பார்த்ததில்லை. வண்டியில் ஏற வயிறு விடாது. நடந்து ஏற முழங்கால் விடாது. புகை அடங்கும் வரை பார்த்துவிட்டு, கடையைத் திறந்து, சட்டியைக் காயவைத்து, செய்தி வரட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். வென்றவனுக்கு முதல் ஈடு பணியாரம். அது அவர் வைத்த பரிசு.

முதல் பந்தயத்தன்று முதலில் இறங்கி வந்த வண்டி எது? தங்கபாண்டியன் வண்டி! ஏன்? கடைசியாக வந்தவனுக்கு மேட்டில் என்ன வேலை? திரும்பிவிட்டான். ஆத்தா ஆவி பறக்கும் தட்டோடு எதிரே வந்து, "செயிச்சியா அப்பு?" என்றார். சொல்லுங்கள் மக்களே, மூக்கு முன்னே நெய் மணக்கும்போது எந்த மகன் "இல்லை" என்பான்? "செயிச்சேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டான். அடுத்த வருடமும் கடைசி. அடுத்த வருடமும் "செயிச்சேன் ஆத்தா". அதற்கடுத்த வருடமும் அதே கதைதான். உண்மையில் வென்ற நம் தலைவரோ பந்தய நாளன்று மேட்டிலேயே தங்கிவிடுவார். ஊருக்கெல்லாம் உண்மை தெரியும், ஆத்தாவுக்கு மட்டும் தெரியாது. யாராவது சொன்னோமா? வாயாடிகளுக்குப் பெயர்போன இந்தப் போடி வாயைத் திறந்ததா? தலைவர் ஐயா, நீங்கள்கூடச் சொல்லவில்லையே! உங்கள் பணியாரம் அல்லவா பறிபோனது! சிரிக்கிறார், பாருங்கள்.

போன வருடம் ஆத்தா நோயில் விழுந்தார். பந்தயத்துக்கு முதல் நாள் ஓட்டுநர்கள் போய்ப் பார்த்தார்கள். "ஏப்பா, ஒரே ஒரு தடவை எவன் மொதல்ல வந்து சேர்றான்னு என் கண்ணால பாத்துரணும். அதுக்கப்புறம் போய்ச் சேந்துருவேன்" என்றார். எல்லார் கண்ணும் கலங்கியது. தங்கபாண்டியன் கண் மட்டும் பிதுங்கியது!

மறுநாள் காலை நாற்காலியில் மூங்கில் கட்டி டோலி ஆக்கினார்கள். பழைய கழுதைப் பாதை வழியாகத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். யார் தூக்குவது என்று ஒரு தகராறு. நீ தூக்குவதா, நான் தூக்குவதா? வளைவில் வழிவிடாத வம்பர்கள், வருடம் முழுக்க முகம் பார்த்துப் பேசாத முரடர்கள், தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். நானே கண்ணைத் துடைத்துக்கொண்டு குழலில் வரவேற்றேன். நாற்காலியை முடிவுக்கோட்டருகே வைத்தோம், போர்வை போர்த்தினோம். ஆத்தா சாலையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மேகம் வந்தது, போனது. வண்டி மட்டும் வரவில்லை. "எப்பப்பா வருவாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓட்டுகிற அத்தனை பேரும் மேலே நிற்கிறார்கள்! அத்தனை வண்டியும் கீழே நிற்கிறது!

"அட கூறுகெட்ட பயலுகளா! ஓட்டுறவனெல்லாம் என்னையத் தூக்கிட்டு வந்துட்டா, வண்டிய ஆருடா ஓட்டுவா? முந்தல்ல மேயிற மாடா ஓட்டும்? ஓடுங்கடா வெரசா!"

ஓடினார்கள். கீழே இறங்கிய லோடு லாரி ஒன்றில் தொத்திக்கொண்டு பறந்தார்கள். தங்கபாண்டியன் மட்டும் ஒரு நொடி என் பக்கம் வந்து, காதோடு காதாக, "அண்ணே, கொழல்ல என் பேரைச் சொல்லிருங்கண்ணே" என்றான். "அடேய், கண்ணுக்கு நேரே வருகிற வண்டியைக் குழலால் எப்படியடா மறைப்பேன்?" என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. ஆத்தா தன்னை இனி நம்ப மாட்டாள் என்பதுதான் அவன் பயம்.

பிற்பகலில் மலை உறுமியது. முதலில் வந்தது யார்? வழக்கம்போலத் தலைவர். ஆத்தா குலவையிட்டார். அடுத்தது, அதற்கடுத்தது, ஒவ்வொன்றுக்கும் குலவை. மற்ற எல்லா வண்டியும் வந்து, எஞ்சின் ஆறி, மாலையும் போட்டு முடிந்த பிறகு, புகை வந்தது. புகைக்குப் பின்னால் தங்கபாண்டியன் வந்தான். இறங்கினான். ஆத்தா முன்னால் தலை குனிந்து நின்றான்.

ஆத்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். "பசிக்குதாடா?" என்றார்.

அவன் "ஆத்தா, நான் இத்தனை வருசமா..." என்று இழுத்தான். "தெரியும்டா. செயிச்சவனுக்கு மேட்டுல கறிச்சோறு போடுறாங்க. வயிறு நெறஞ்சவன் எவன்டா எறங்கி ஓடியாந்து என் பணியாரத்தை அப்பிடித் திம்பான்? மொத வருசமே தெரியும். தோத்தவன்னு சொன்னா நீ கூச்சப்பட்டுக்கிட்டுத் திங்காமப் போயிருவே. அதான் கேக்கல" என்றார் ஆத்தா.

என் தாய்மார்களே! பெரியோர்களே! வென்றவனுக்கு மாலை போட ஊர் இருக்கிறது. வென்றவனுக்கு விருந்து வைக்க எஸ்டேட்டு இருக்கிறது. வென்றவன் பெயரைக் கூவ, இதோ, நானும் என் தொண்டையும் இருக்கிறோம். தோற்றவனுக்கும் பசிக்கும் என்று நினைக்க யார் இருந்தார்? தோற்றவனின் மானம் நோகாமல் அவன் வயிற்றை நிரப்ப யார் இருந்தார்? அவர் ஒருவர்தான்! ஒருவரே ஒருவர்தான்! அந்த மாதமே அவரை இழந்தோம்.

தங்கபாண்டியா! ஆருக்கு ஓட்டுவது என்று கேட்டாயே. நீ செயிப்பாய் என்று நம்பியா அந்த ஆத்தா உனக்குச் சோறு போட்டாள்? நீ ஒருநாளும் செயிக்க மாட்டாய் என்று தெரிந்துதானே போட்டாள்! நீ ஓட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா, இல்லையா? தூணை விட்டு வெளியே வந்து சொல். கொஞ்சம் அமைதி, அமைதி... என்ன சொல்கிறாய்? கேட்கவில்லை, உரக்கச் சொல்!

ஆகா! கேட்டீர்களா மக்களே? "பேட்டரி செத்துப்போச்சுண்ணே, வண்டி கெளம்பாது" என்கிறான்! வரமாட்டேன் என்றவன் இப்போது பேட்டரி பேசுகிறான்! தாயையே மலைக்குத் தூக்கிய தோள்கள், உன் தகர ஜீப்பைத் தள்ளாதா? அதோ, தலைவரே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுகிறார்! கைதட்டுங்கள் ஐயா, கைதட்டுங்கள்!

என் சொல்லைப் பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டு இருந்து கேட்ட தாய்மார்களுக்கும், என்னை ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லாத தலைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முந்தலில் சந்திப்போம், ஜீப்பைத் தள்ள ஆள் வேண்டும். வணக்கம்!