புஜம் ஏற்றிய ஊசி

தேனாம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. அவனுடைய சட்டைக் கை, புஜத்தில் தையல் விட்டுவிடும்போல இறுகியிருந்தது.

“ஆம்பளத்தனம் கூடணும்னு ஊசி போட்டுக்கினியே, நல்லா கூடிச்சுய்யா. அப்பா ஆவறது மட்டும்தான் நின்னு போச்சு” என்றாள் அவள்.

“மெதுவா பேசுடி. ஒடம்பு ஏறும்னுதான் ஜிம் மாஸ்டர் போட்டாரு.”

“ஏறிச்சே, யாரு இல்லன்னா? ஆம்பள ஹார்மோன வெளியிலேர்ந்து ஏத்துனா ஒடம்பு தானா சுரக்கறத நிறுத்திடும்னு டாக்டரு சொன்னாரே, கேட்டியா? விந்துல அணுவே இல்லியாம்.”

“டாக்டருங்களும் அதே ஊசிய போடறாங்களே!”

“சுரப்பே இல்லாதவங்களுக்கு, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் போடறாங்க. உனுக்கு இன்னா கொற இருந்திச்சு? வூட்டுக் கண்ணாடிதான் சின்னதா இருந்திச்சு.”

அவன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, “நிறுத்துனா சரியாப் பூடும்னாரு இல்ல?” என்றான்.

“ஆவலாம்னாரு. மாசக்கணக்குல ஆவுமாம்.”

“அம்மாகிட்ட இன்னா சொல்றது?”

“உங்கம்மா என்னிய மலடின்னு தெருவே கேக்க கத்துனப்போ, நீ உள்ள தண்டால் எடுத்துக்கினு இருந்த. இப்பவும் அதே தெரு கேக்கற மாதிரி நீயே சொல்லு. சொல்லிட்டு எங்கம்மா வூட்டுக்கு வந்து என்னிய கூட்டிக்கினு போ.”

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் ஏறவில்லை.