வாட்டி துல்லக்கின் கயிறு

டிசம்பர் மாதம். சாயங்காலம் நாலு மணி... எங்கள் ஊரில் அதற்குள் கும்மிருட்டு. கிளாஸ்கோ பஸ் போன பிறகு, பழைய எரிவாயு ஆலைக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இருக்காது. கிரெய்க், சிரிப்பதானால் வெளியே போய்ச் சிரி. இது என் சிநேகிதி மோராகின் சித்தப்பாவுக்கு நடந்தது.

அவர் பெயர் இனஸ். நிலக்கரியைச் சுட்டு ஊருக்கெல்லாம் வாயு கொடுத்த ஆலை இப்போது அருங்காட்சியகம். அதற்கு அவர்தான் பொறுப்பாளர். அவருடைய கொள்ளுத் தாத்தா அங்கே மேனேஜராக இருந்தவர்.

உள்ளே ஓர் இரும்புத் தொட்டி உண்டு. அந்தக் காலத்தில் வாயுவைச் சுத்தம் செய்த சுண்ணாம்பை அதில் இறங்கித்தான் வார வேண்டும். அழுகிய முட்டை நாற்றம்... நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி. அதனால் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டுவான். மேலே கூட்டாளி மறுமுனையைப் பிடித்திருப்பான். உள்ளே இருப்பவன் ஒரு தடவை இழுத்தால், இவன் ஒரு தடவை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் கயிற்றை விடக் கூடாது.

1911இல் வாட்டி துல்லக் என்பவன் உள்ளே இருந்தான். கரி வண்டி வந்துவிட்டதென்று மேனேஜரான அந்தக் கொள்ளுத் தாத்தா அவன் கூட்டாளியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வாட்டி கயிற்றை இழுத்தான்... பதில் இல்லை. செத்தான். குடித்துவிட்டு, கயிறு கட்டாமல் இறங்கினான் என்று மேனேஜர் விசாரணையில் கூசாமல் சொன்னார். பெண்டாட்டியையும் மூன்று குழந்தைகளையும் ஆலை வீட்டிலிருந்து துரத்தினார்கள். அருங்காட்சியகப் பலகையிலும் அதே பொய்தான்.

அந்தக் கூட்டாளி சாகும்முன் உண்மையை ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருந்தான். வாட்டியின் பேத்தி அதை இனஸுக்கு அனுப்பி, பலகையை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் படித்தார். உண்மை என்று தெரிந்தது. தெரிந்தும், தொட்டிக்குப் பக்கத்து அடுப்பில் போட்டார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்போது அவர் மனைவி எல்ஸ்பெத் போனில் இருந்தார்.

"எரிச்சாச்சு. செத்து நூறு வருஷம் ஆனவனுக்கு இனிமே என்ன மானம்?" என்றாராம் இனஸ்.

அப்போது... சர்க். இரும்பில் கயிறு உரசும் சத்தம். தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்த காட்சிக் கயிறு ஒரு தடவை இழுபட்டதென்று சொல்லிச் சிரித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் செய்துகாட்டிய கை... தானாகப் போய்ப் பதிலுக்கு ஒரு தடவை இழுத்துவிட்டது.

பிறகு போனில் வேறொரு ஆண் குரல். நிதானமாக.

"நான் பிடிச்சிருக்கேன். நீ இறங்கு."

இரும்பு ஏணியில் காலடிகள்... ஒன்று, இரண்டு, மூன்று... கடைசியாக இனஸின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி.

"எல்ஸ்பெத்... நான் இழுத்துட்டே இருக்கேன். மேல யாரும் பதிலுக்கு இழுக்கல."

தொட்டிக்குள்ளிருந்துதான் பிணத்தை எடுத்தார்கள். இனஸ் ஜென்மத்தில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் விஸ்கி வாடை தூக்கியது. குடிபோதையில், கயிறு கட்டாமல் இறங்கியிருக்கிறார் என்று விசாரணையில் எழுதினார்கள். எல்ஸ்பெத் அழுது பார்த்தார், சத்தம் போட்டுப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை.

பிணத்துக்கு உடை மாற்றியவன், பிணக்கிடங்கில் வேலை பார்க்கும் என் அண்ணன். இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்து கயிற்றுத் தடம் இருந்ததாம்... முடிச்சு அழுந்திய இடம் நடு முதுகில், தன் கையால் கட்டிக்கொள்ள முடியாத இடத்தில் இருந்ததாம்.