நாங்கள் அழைக்க மாட்டோம், நீங்கள்தான் கேட்க வேண்டும்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இவன் எப்போது முடிப்பான் என்ற கவலையோடு வீற்றிருக்கும் மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, இருமலை அடக்கி இருக்கை காக்கும் பெரியோர்களே, எங்கள் சங்க மாடியில் என்னதான் நடக்கிறது என்று தெரியாமலே எங்களைச் சகித்துக்கொள்ளும் தாய்மார்களே, ஆள் வராவிட்டாலும் அணி குலையாமல் நிற்கும் காலி நாற்காலிகளே, அனைவருக்கும் இந்தச் சகோதர சங்கத்தின் செயலாளராகிய என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

சங்கத்தில் சேர்வது எப்படி? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மலையைப் பிளக்க வேண்டுமா? மாகடலைக் குடிக்க வேண்டுமா? மாமியாரைச் சிரிக்க வைக்க வேண்டுமா? மெதுவாகச் சிரியுங்கள் அம்மா, மாமியார் பக்கத்தில்தான் இருக்கிறார்.

ஒன்றும் வேண்டாம். வாய் திறந்து கேட்க வேண்டும். "என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்", அவ்வளவே. உடனே வாக்களிக்க மரப்பெட்டி வரும். சம்மதம் என்றால் வெள்ளைக் கோலி, மறுப்பு என்றால் கருப்புக் கோலி. இதுவரை கருப்பு விழுந்ததில்லை. அதைத் தொலைத்தே பல காலமாகிறது.

ஆனால் நாங்களாக யாரையும் அழைக்கக் கூடாது. ஆகாயத்து நிலவே ஜன்னலில் வந்து நின்றாலும், "உள்ளே வா" என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. தானாகக் கேட்டவரே சகோதரர். இந்த விதியைக் கல்லில் எழுதினால் அழியும் என்று, முன்னோர்கள் எங்கள் தலையில் எழுதிவிட்டார்கள்.

எங்கள் மாடிக்கு எதிரே, தெருவின் மறுபக்கம், பூட்டு பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர். சாவிக்காரர் என்றால் தெருவுக்கே தெரியும். மனைவி போன பிறகு தனி ஆள். கடையில் இரண்டு ஸ்டூல். ஒன்றில் அவர். மற்றதில் சாவிக்கொத்துகளைக் குவித்திருப்பார், அங்கே உட்கார ஆளில்லை என்பது வெளியே தெரியக் கூடாதல்லவா? கடைக்கு வரும்போது வீட்டு ரேடியோவை அணைக்க மாட்டார். திரும்பிப் போகையில் உள்ளே ஒரு குரலாவது இருக்க வேண்டாமா?

நாங்கள் கூடும் மாலைகளில் எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார். நாங்கள் திரைக்குப் பின்னால் நின்று அவரைப் பார்ப்போம். கேட்பாரா? கேட்க மாட்டாரா? அழைக்கத்தான் கூடாதே. ஆகவே அவையோரே, எங்கள் மாடிக் கதவின் பூட்டை நாங்களே கெடுத்தோம். பசை ஊற்றினோம். ஸ்பூன் காம்பை உடைத்துச் செருகினோம். உலகப் போரில்கூட ஒரு பூட்டு அத்தனை அடி வாங்கியிருக்காது.

அவர் வருவார். மண்டியிட்டுச் சரிசெய்வார். எங்கள் நீண்ட மேசையை ஒரு பார்வை பார்ப்பார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

"அண்ணே, வேற ஏதாச்சும்?" என்பார் பொருளாளர்.

"வேற ஒண்ணுமில்லங்க."

"ஏதாச்சும் கேக்கணுமா?"

"அப்பப்ப எண்ணெய் போடுங்க."

இறங்கிப் போய்விடுவார். "அடுத்த வாரம் ஜன்னல் கொக்கிய உடைச்சிடலாமா?" என்பார் பொருளாளர், அழாத குறையாக.

சிரிக்கிறீர்கள். கூட்டம் முடிந்தபின் மாடியில் நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? கழுவிய டம்ளர்களையே மறுபடியும் கழுவுகிறோம். வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவனுக்கு எந்த டம்ளரும் சுத்தமாவதே இல்லை.

இந்தக் கூட்டத்துக்குச் சற்று முன், முடி திருத்தும் தம்பி என் காதோரம் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மாமா, சாவிக்காரர் கடைய காலி பண்றாரு. நாளைக்குச் சாமான் ஏத்துறாராம்."

"ஏம்ப்பா?"

"'மாடிக்காரங்களுக்கு நான் பூட்டுக்குத்தான் வேணும். எத்தனை தடவ மண்டி போட்டிருப்பேன், ஒருத்தராவது உக்காருன்னு சொன்னாங்களா?'ன்னாரு."

பாதியில் எழுந்து ஓடி வந்தேன். வலப்பக்கம் வெட்டி இடப்பக்கம் வெட்டாமல் நிற்கிறேனே, புதுப் பாணி என்றா நினைத்தீர்கள்?

அவர் எங்களிடம் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார். நாங்கள் அவரிடம் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தோம். நடுவே இருந்தது காடா? கடலா? கோட்டையா? அகழியா? ஒரு சின்னத் தெரு, அவையோரே, ஒரு சைக்கிள் வந்தால் இன்னொன்று ஒதுங்க வேண்டிய தெரு.

இதோ, கடைசி வரிசைக்குப் பின்னால் தூணோரம் நிற்கிறார். யாரும் திரும்பாதீர்கள். திரும்பிவிட்டீர்கள், சரி. தலைவர் என்னை முறைக்கிறார். அஞ்ச வேண்டாம் ஐயா, விதியை மீற மாட்டேன், அவரை அழைக்க மாட்டேன். சேர விரும்புகிறவர் வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதுதானே விதி? கேட்கிறேன்.

அண்ணே, எங்களை உங்ககூட சேத்துக்குவீங்களா? மாடியில நாங்க தனியா இருக்கோம்ணே.

சத்தமாச் சொல்லுங்க, மைக் இங்க இருக்கு.

"வண்டிக்குச் சொல்லிட்டேனே" என்கிறார். என்னண்ணே? "யோசிச்சு சொல்றேன்" என்கிறார்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது இத்தனை கடினமா? யோசியுங்கள் அண்ணே, அவசரமில்லை. பெரியோர்களே, தாய்மார்களே, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அவர் யோசித்து முடிக்கும்வரை யாரும் விளக்கை அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.