மொரோகுமா சார் பெசஞ்ச மண்ணு

கோட்டக் கழட்டி அந்த ஆணில மாட்டுங்க சார். இந்த அரியாகே கடலோரச் சேறு லேசுப்பட்டதில்ல, பட்டா போவாது. என்ன, உக்கார நேரமில்லயா? எனக்கு மட்டும் நேரம் கொட்டிக் கெடக்குதா? நீங்கதான வந்தீங்க. மாருபோரோ பிஸ்கட் பொட்டிய மேச மேல வெச்சிட்டு, எகாஷிரா அம்மா, காப்பகம் கட்டற மனையோட மண்ணு ரிப்போர்ட்டுல ஒரே ஒரு வார்த்தைய மாத்திக் குடுங்கன்னு கொழையிறீங்க. களிமண்ணுன்னு இருக்கற எடத்துல மணல்னு போட்டுட்டாப் போதும். ஒரு வார்த்ததான? அதான?

அது என்ன கையில? கடையில வாங்கின சோத்து உருண்டையா? வீட்ல கட்டித் தரலயா இன்னிக்கு? டப்பாவக் காணோமா... பாவம். சரி, அத அப்பறம் சாப்புடலாம். மொதல்ல விஷயத்துக்கு வருவோம்.

போன வாட்டி உங்க கம்பெனில இருந்து ஒரு பையன அனுப்புனீங்க. அவன் மூக்கால அழுதுட்டுப் போனான். நீங்க தேவல, சிரிச்சிக்கிட்டே கேக்கறீங்க. சம்பளம் கூடக்கூட சிரிப்பும் கூடும் போல இருக்கு.

எத்தன வருசமா வீட்டு மன விக்கறீங்க? அம்மாடி! அத்தன வருசத்துல ஒரு தடவயாவது மண்ணக் கையால தொட்டிருக்கீங்களா? பொய் சொல்லாதீங்க, நகத்தப் பாத்தாலே தெரியுதே. வாங்க இங்க. இந்தத் தட்டுல கருகருன்னு கெடக்கு பாருங்க, அள்ளுங்க. ஐயே, என்ன சார் இது, செத்த எலியத் தூக்கற மாதிரி ரெண்டு வெரலால! முழுசா அள்ளுங்க. சட்டையெல்லாம் ஒண்ணும் ஆவாது. ஆனா ஆவட்டும்.

எப்படி இருக்கு? கெட்டியாத்தான் இருக்கா? ஆமா, கத்தியால வெட்டினா கட்டியா நிக்கும். இதப் பாத்துட்டுதான் உங்க ஆளுங்க, தர எம்புட்டு கெட்டி பாருங்கன்னு வாங்க வந்தவங்க முன்னாடி குதிச்சிக் குதிச்சிக் காட்றானுங்க. இப்ப பெசைங்க. நல்லாப் பெசைங்க சார், பூப்பறிக்கவா கூப்புட்டேன்? ம்... ம்... எங்க போச்சு கெட்டி? கூழாட்டம் வழியுதா? இதான் சார் நம்ம ஊரு களி. தொடாத வரைக்கும் பரம யோக்கியன். பாரம் ஏத்தி ஒரு உலுக்கு உலுக்கினா சாயம் வெளுத்துப் போயிரும். உங்க கம்பெனியச் சொல்லல. நீங்களா அப்படி நெனச்சிக்கிட்டா நான் என்ன பண்ண?

அதத் தட்டுலயே போட்டுட்டு இத எடுங்க. அதே மண்ணுதான், காத்துல கொஞ்சம் ஒலர வெச்சது. உள்ளங்கைல வெச்சு உருட்டுங்க. சேமியா மாதிரி இழையா வருதா? ஒடையல இல்ல? இன்னும் மெலிசா உருட்டுங்க. இன்னும். மணலு எந்த ஊர்ல சார் இழையா வந்துது? எனக்கும் சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன். இப்ப மோந்து பாருங்க. சும்மா மோந்து பாருங்க, கடிக்காது. அழுகுன முட்ட நாத்தம் வருதில்ல? வாய்க்காலத் தூத்த மண்ணு அது. நாணலு, நத்த, சேத்துல தாவற மீனு எல்லாம் உள்ள கெடந்து ஊறுது. மேல ரெண்டு லாரி மலை மண்ணக் கொட்டி, புல்ல ஒட்டி, கொடிய நட்டா அது வீட்டு மனையாம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுன்னா இதான்.

என்ன சொன்னீங்க? கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க. கொழந்தைங்க காப்பகம்தான, கொழந்தைங்க கனம் கம்மிதானவா?

யப்பா! படிச்ச மனுசன் வாயில வர்ற பேச்சா இது? இத ஒரு பலகைல எழுதி காப்பக வாசல்லயே மாட்டுங்க சார், பெத்தவங்க படிச்சிட்டு சந்தோசமா விட்டுட்டுப் போவாங்க. ஏன் சார், கட்டடத்துக்குக் கனம் கெடையாதா? ஒரு பக்கம் எறங்கி ஒரு பக்கம் நின்னா, கதவு சிக்கிக்கிட்டா, பூகம்பத்தன்னிக்கு அந்த வாண்டுங்க எது வழியா வெளிய வரும்? உங்க சிரிப்பு வழியாவா?

நான் கட்டவே கூடாதுன்னா சொன்னேன்? கீழ கெட்டித் தர வரைக்கும் தூண எறக்கிட்டுக் கட்டுங்க, ஆயுசுக்கும் நிக்கும். ஏப்ரல்ல தெறக்க முடியாது, அவ்வளவுதான. தெறப்பு விழாவுக்குப் பலூன் கட்டறத கொஞ்சம் தள்ளி வெச்சா ஒங்க தலைவரு தலையில இடியா விழுந்துரும்?

ஓ, இமாய்சுமி கிட்டப் போவீங்களா? தாராளமா. இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே, எனக்கு ஒரு டீத்தண்ணி மிச்சம். அவன் எறங்கிப் பாப்பான்னா நெனைக்கறீங்க? கார் கண்ணாடிய எறக்கி மனைய ஒரு பார்வ பாப்பான், மணலும்பான். மழ பெஞ்சா கண்ணாடியக் கூட எறக்க மாட்டான். அவனும் மண்ணு சோதிக்கறவன், நானும் மண்ணு சோதிக்கறவ. வெளிய சொன்னா வெக்கக்கேடு.

சரி, காப்பகத்த வுடுங்க. அது ஊரான் புள்ளைங்க. மனசத் தொட்டு ஒண்ணு சொல்லுங்க. இப்ப கையில வெச்சிருக்கீங்களே, இந்த மண்ணு மேல நீங்க குடும்பத்தோட வீடு கட்டிக் குடியிருப்பீங்களா?

நாய்க் கூண்டு கூட வெக்க மாட்டீங்களா?

சிரிக்கறீங்க. நல்லா சிரிங்க. ஆனா சொல்லிட்டீங்க இல்ல, அத ஞாபகம் வெச்சிக்கோங்க. நான் சொல்லல. கையில எடுத்து, பெசஞ்சு, மோந்து பாத்து, நீங்களே சொன்னது. மண்ணு பாக்கறதுன்னா இவ்வளவுதான் சார், பெரிய வித்த ஒண்ணுமில்ல. கண்ண மூடிக்காம இருந்தாப் போதும்.

போங்க, கையக் கழுவுங்க. சோப்பு அந்தாண்ட. குழாய் பக்கத்துல துண்டுக்கடியில ஒரு டப்பா கவுத்து வெச்சிருக்கேன், வரும்போது அதையும் எடுத்துட்டு வாங்க.

என்ன அங்கயே நின்னுட்டீங்க? தெரிஞ்ச டப்பாவா? நீல மூடி, மூடில ரயில் ஸ்டிக்கரு. உங்க பொண்ணு கோஹாரு ஒட்டினதாமே. உங்க சோத்து டப்பாதான் சார். நல்லா தேச்சுக் கழுவிட்டேன், நாத்தம் போயிருச்சு. கைக்கு அதுதான் கெடச்சிதாம், அதுலயே அள்ளிப் போட்டு, துணில முடிச்சுக் கட்டி, உங்க வீட்டம்மா கயோகோ பஸ்ல கொண்டு வந்தாங்க.

இல்ல சார், காப்பக மண்ணு உள் ரூம்ல இருக்கு. அதுவும் இதேதான். ஆனா நீங்க பெசஞ்சது உங்க வீட்டு மண்ணு. சாக்கடக் குழாய் ரெண்டாவது வாட்டி ஒடஞ்சிதுன்னு வாசப்படி ஓரமாப் பள்ளம் வெட்டுனாங்களே, அந்தப் பள்ளத்துல எடுத்தது. உங்க கம்பெனி போட்ட மனதான? கார்ல இருந்தே பாத்துட்டு அதுக்கு மணல்னு எழுதினது யாருன்னு நான் சொல்லவா வேணும்?

உக்காருங்க. நிக்காதீங்க, உக்காருங்க.

அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க. கம்பெனி குடுத்த வீட்டயே கொற சொல்றியான்னு எரிஞ்சு விழுவீங்கன்னு பயந்துக்கிட்டுதான் உங்களுக்குத் தெரியாம வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாக்காலில உக்காந்து அழுதாங்க. கோஹாரு ப்ரிட்ஜுகிட்ட கோலிகுண்ட வெச்சா அது தானா உருண்டு செருப்பு அலமாரி வரைக்கும் போவுதாம். எங்க வீட்ல மந்திரம் இருக்குன்னு அவ பள்ளிக்கூடம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறாளாம். உங்களயும் கூப்புட்டுக் காட்டுனாளாமே, நல்ல கோலிகுண்டுன்னீங்களாம்.

அந்தம்மா சாயங்காலம் பதில் கேக்க வராங்க. நான் என்ன சொல்லட்டும்? களிங்கவா, மணலுங்கவா?

சொல்லுங்க சார். ஒரு வார்த்ததான?